தாண்டிப்போகும் குடுவை

சுலேமா ஒஹேதா இரண்டாவது முறை ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது கையில் ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. பூப்போட்ட துணியால் அதை மூடி, நான்கு முனைகளையும் மேலே சேர்த்து முடிந்திருந்தாள். பேருந்தில் மடியை விட்டு இறக்கவே இல்லை போலிருக்கிறது. பாவாடையில் வட்டமாக ஒரு சுருக்கம் விழுந்திருந்தது.

"பாஸ்தாஃப்ரோலா கொண்டாந்திருக்கேன் கண்ணுங்களா. சீமைமாதுளைப் பாகு வச்சு நானே சுட்டது. ஃபப்ரீசியோ போன வாரம் சொன்னான் பாரு, அவங்க அத்தை போனதுக்கப்புறம் நல்ல பாஸ்தாஃப்ரோலாவே சாப்பிடலன்னு. கேட்டதுலேருந்து எனக்கு மனசு ஆறல."

ஃபப்ரீசியோவுக்கு அத்தையே கிடையாது. அது எழுதிக் கொடுத்த வசனம்.

எழுதியவள் பக்கத்து அறையில் இருந்தாள். டாக்டர் இர்மா பெராசோ, அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி. இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கண்ணாடி வழியே இர்மாவின் பக்கத்திலிருந்து ஆய்வு அறையைப் பார்க்கலாம். அங்கிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடிதான். சுலேமா அதன் முன் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். இர்மாவின் மூக்குக்கு ஒரு கை தூரத்தில் அவள் முகம் இருந்தது. உதட்டில் புதிதாகச் சாயம் பூசியிருந்தாள். போன வாரம் பூசவில்லை.

கதவு திறந்தது. கந்தேலா உள்ளே வந்து, சத்தமில்லாமல் சாத்தினாள்.

"டாக்டர், இவங்கள விட்டுடலாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? பலகாரம் சுட்டு எடுத்துட்டு வந்திருக்காங்க. எனக்கு மஃப்ளர் பின்னித் தரேங்கறாங்க. என்ன கலர் பிடிக்கும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நீலம்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? 'மன்னிச்சுக்குங்கம்மா, இன்னும் பத்து நிமிஷத்துல நான் உங்க முகத்தக்கூடப் பார்க்க மாட்டேன்'னா சொல்ல முடியும்?"

கந்தேலா, ஃபப்ரீசியோ இருவரும் இர்மாவிடம் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள். சுலேமாவுக்கு அது தெரியாது. தன்னைப் போல அவர்களும் மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் என்றே அவளிடம் சொல்லப்பட்டிருந்தது.

ஆய்வு இதுதான். மூன்று பேர் உட்கார்ந்து, இலைத்தூளில் வெந்நீர் ஊற்றிய மாத்தே பானம் குடிப்பார்கள். ஒருவர் ஊற்றுவார், மற்ற இருவருக்கும் முறைவைத்துக் கொடுப்பார். ஒரே சுரைக்குடுவை, ஒரே உலோகக் குழல், சுற்றிச் சுற்றி வரும். முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பேச்சும் சிரிப்புமாக இருக்கும். இரண்டாம் வாரம், அதே ஆட்கள், அதே நாற்காலிகள், அதே குடுவை. ஆனால் அது மூன்றாவது ஆளைத் தாண்டிப் போய்விடும். காரணம் சொல்லப்படாது. கோபம் காட்டப்படாது. தாண்டிப் போகும், அவ்வளவுதான். அந்த மூன்றாவது ஆளின் தலையில் மின்முனைகள் பதித்த ஒரு தொப்பி இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க இர்மாவுக்குப் பாதி ஆயுள் ஆனது. அவள் படித்த காலத்தில் ரொசாரியோ நகரில் மனநலம் என்றால் சாய்வு மெத்தையும் குழந்தைப் பருவமும்தான். மளிகைக்கடைக்காரர்கூட வாரம் ஒருமுறை ஏதாவதொரு உளப்பகுப்பாய்வாளரின் மெத்தையில் படுத்துப் பேசிவிட்டு வருவார். இர்மாவும் நோயாளிகளிடம் பேசினாள். அவளை உறுத்தியது ஒரே ஒரு கேள்வி. ஒதுக்கப்பட்டால் எல்லாருக்கும்தான் வலிக்கிறது. நாலு நாளில் ஆறியும் விடுகிறது. சிலருக்கு மட்டும் அது ஏன் ஆறுவதே இல்லை? அந்த மூளை எந்தக் கணத்தில், எந்த இடத்தில் மாறாக நடந்துகொள்கிறது? அளந்தால்தான் தெரியும். ஆனால் அளப்பதற்கு முதலில் வலிக்கவைக்க வேண்டுமே!

வெளிநாடுகளில் அதற்குக் கணினியில் ஒரு பந்து விளையாட்டு வைத்திருந்தார்கள். திரையில் இரண்டு பேர் உங்களுக்குப் பந்து போடுவார்கள்; கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டுத் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள். மாணவர்களுக்கு அது வலித்தது. இர்மாவின் நோயாளிகளோ கொட்டாவி விட்டார்கள். "மெஷின்தானே டாக்டர்? அது எனக்குப் பந்து போடாட்டி எனக்கென்ன? பெத்த மவனே போன் பண்றதில்ல" என்றார் ஒரு பெரியவர். அப்படியே பல வருடங்கள் வீணாகப் போயின.

மூத்த பேராசிரியர் தெல்மோ அவளைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார். "என்ன இர்மா, மூளையைப் போட்டோ எடுத்தாச்சா? அப்பன் மேல இருக்கிற கோபம் இடப்பக்கமா, வலப்பக்கமா?"

அவருடைய பிரிவிலிருந்த இரண்டு அறைகளை இர்மாவின் கருவிகளுக்கு ஒதுக்கிய வாரம், ஆசிரியர் அறையில் மாத்தே சுற்றியது. ஊற்றியவர் தெல்மோ. இர்மாவின் முறை வந்தது. அவள் கையை நீட்டினாள். குடுவை அவள் விரல்களுக்கு முன்னால் திரும்பி அடுத்தவரிடம் போனது. பேச்சு எங்கும் தடைப்படவில்லை. பாதி தூரம் நீண்டிருந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கைக்கடிகாரத்தைச் சரிசெய்தாள். வயிற்றுக்குள் பனிக்கட்டி விழுந்த மாதிரி இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய் அழுதிருப்பார்கள். இர்மா வீட்டுக்குப் போய், குடுவை திரும்பியதற்கும் வயிற்றில் பனி விழுந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று யோசித்தாள். அன்று அவள் சாப்பிடவே இல்லை. சந்தோஷத்தில்.

எவ்வளவு அழகாகப் பொருந்தி வந்தது என்று எண்ணி அவள் பின்னால் பலமுறை வியந்ததுண்டு. மூளையின் மின் அலை மிகச் சிறியது. தாடை ஒருமுறை அசைந்தால் போதும், தசையின் மின்சாரம் எழுந்து அதை மூழ்கடித்துவிடும். மாத்தேயைக் குழலில் உறிஞ்சுகிறவரின் தாடை அசையாமல் இருக்குமா? ஆனால் ஒதுக்கப்பட்டவர் உறிஞ்சுவதே இல்லையே. அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். உலகத்திலேயே சுத்தமான பதிவு ஒதுக்கப்பட்டவரிடமிருந்துதான் கிடைக்கும்.

அதோடு ஒரு அலையை மட்டும் தனியாகப் பார்க்க முடியாது. நிரம்பி வழியும் கால்பந்து மைதானத்தில் ஒரு குழந்தை முணுமுணுப்பது போல அது. ஆனால் அந்தக் குழந்தை அதே சொல்லைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தால், எல்லாப் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுக்கலாம். கூட்டத்தின் சத்தம் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியுமாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முணுமுணுப்பு மட்டும் நிற்கும். ஆகவே குடுவை ஒருமுறை தாண்டினால் போதாது. பலமுறை தாண்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கை திரும்பும் கணத்தைக் குறிக்க, ஊற்றுபவரின் காலடியில், மேசைக்குக் கீழே, தையல் இயந்திரத்தில் இருப்பது போன்ற ஒரு மிதி. அழுத்தினால் திரையில் ஒரு சிவப்புக் கோடு விழும்.

"வேற ஒருத்தரை வரச் சொல்லலாம் டாக்டர்," என்றாள் கந்தேலா.

"நிதிக்குழு திங்கக்கிழமை வருது. நோயாளிகள் பக்கத்துல ஒரு ஆள் குறையுது. குறைஞ்சா ஆய்வு முடியல, முடியலன்னா நிதி இல்லை. அப்புறம் இந்த ரெண்டு ரூமும் தெல்மோவுக்கு. உன்னோட படிப்பு என்னாகும்னு நினைச்சியா?"

"அதுக்காக..."

"அது மட்டுமில்ல. நம்ம மேல பிரியமாயிட்டவங்கள எல்லாம் விட்டுட்டா யாரு மிஞ்சுவாங்க? பிரியமே வைக்காதவங்க. அவங்கள வச்சு அளந்தா வலி கம்மியாத்தான் தெரியும். அது பொய் கணக்கு. இவங்கதான் நமக்கு வேணும் கந்தேலா. இவங்களுக்காகத்தானே இந்த ஆய்வே?"

ஆசிரியை சொன்னதில் கந்தேலாவால் தவறு கண்டுபிடிக்க முடியாமல் போவது இது முதல் முறை அல்ல.

"அந்தப் பலகாரத்த என்ன பண்றது?"

"வாங்கிப் பக்கத்து மேசையில வை. தொடாதீங்க. மத்தவங்களுக்கு நடந்ததுதான் இவங்களுக்கும் நடக்கணும்."

தொப்பி பொருத்த இர்மாவே போனாள். மின்முனைகளின் துளை ஒவ்வொன்றிலும் ஊசிமுனையற்ற குழாயால் ஜெல் இட்டாள். குளிர்ச்சியாக இருந்ததால் சுலேமா சிரித்தாள்.

"என் மவ ஸ்பெயின்ல இருக்கா டாக்டர். வீடியோவுல இந்தத் தொப்பியோட என்னப் பார்த்தா 'அம்மா நிலாவுக்குக் கிளம்பிட்டா'ன்னு சொல்லுவா. போன் எடுத்தான்னா காட்டுவேன்."

"கண்ணை ரொம்ப இமைக்காதீங்க சுலேமா. கண் அசைஞ்சா பதிவு கெட்டுப்போகும். கண்ணுல தண்ணி வந்தாலும் அப்படித்தான்."

"தண்ணி எதுக்கு வருது? இன்னிக்கு எனக்குச் சந்தோஷமால்ல இருக்கு!"

இர்மா தன் அறைக்குத் திரும்பினாள். திரையில் கோடுகள் ஓடின. அருமையான பதிவு; மின்முனைகள் நன்றாகப் பிடித்திருந்தன. போன வாரம் சுலேமா கடைசிவரை "நன்றி" சொல்லவே இல்லை. மாத்தே சுற்றில் அந்தச் சொல்லைச் சொல்லிக் குடுவையைத் திருப்பித் தந்தால் இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். சாறு முழுதும் போய், வெறும் வெந்நீராகத் தேங்கியபோதும் அவள் வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்தாள்.

ஃபப்ரீசியோ ஊற்றினான். முதலில் தானே குடித்தான், அது ஊற்றுபவனின் வழக்கம். அடுத்து கந்தேலா. அடுத்து சுலேமா கையை நீட்டினாள். ஃபப்ரீசியோவின் கை திரும்பியது. மிதி அமுங்கியது. சிவப்புக் கோடு.

"ஏய், மவனே! எனக்கு என்ன, நோன்பா?" சுலேமா சிரித்தாள்.

ஃபப்ரீசியோ கந்தேலாவைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை மேட்ச் பார்த்தியா? அந்த கோல்கீப்பரு கையில வெண்ணெய் தடவிட்டு வந்தான் போல" என்றான்.

"அவன் எப்பப் பிடிச்சான், இப்பப் பிடிக்க?" என்றாள் கந்தேலா. சொல்லும்போதே அவள் பார்வை சுலேமாவின் பக்கம் போனது. இர்மா உதட்டைக் கடித்தாள்.

இரண்டாவது சுற்று. மூன்றாவது. சுலேமாவின் கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக நீண்டது. பிறகு மேசையின் விளிம்பில் நின்றது. பிறகு மடிக்குப் போய்விட்டது.

"நான் போன வாரம் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று கேட்டாள். "என் மவளைப் பத்தி ரொம்பப் பேசிட்டேனோ? எனக்கே தெரியும், நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். சொல்லுங்க, நிறுத்திக்கறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றான் ஃபப்ரீசியோ, வெந்நீர்க் கெண்டியைப் பார்த்துக்கொண்டு. அதுவும் எழுதிக் கொடுத்ததுதான்.

பக்கத்து மேசையில் துணி முடிச்சு அப்படியே இருந்தது. சுலேமா ஒருமுறை அதைப் பார்த்தாள். அதன் பிறகு குடுவையைப் பார்க்கவில்லை. நேரே கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்கள் அகலத் திறந்திருந்தன. சிவந்திருந்தன. இமைக்கவே இல்லை. கண்ணுக்குக் கீழே பொருத்திய மின்முனையின் கோடு ஆற்று நீர்போலச் சலனமில்லாமல் ஓடியது. இத்தனை பேரில் இவ்வளவு சுத்தமான பதிவை இர்மா பார்த்ததில்லை.

போதுமான சுற்றுகள் முடிந்தன. இர்மா அந்த அறைக்குள் போனாள். பதிவை நிறுத்திவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்று நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று யாராவது கேட்டிருந்தால், இப்படி ஒரு பதிவை நிறுத்த மனம் வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

"முடிஞ்சுது சுலேமா. தொப்பி ஒரு நிமிஷம் இருக்கட்டும். அசையாம இருங்க."

"நான் அழல டாக்டர். கெட்டுப்போயிடும்னு சொன்னீங்கல்ல. நல்லா வந்துச்சா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு."

"அப்பாடா. அதாவது நல்லா வந்துச்சே."

இர்மா ஃபப்ரீசியோவை எழுந்திருக்கச் சொல்லி, அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆய்வுக்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது: முடிந்தபின் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது. வந்தவர்களைக் காப்பாற்றுவதற்காக எழுதிய நிபந்தனை அது. இர்மா அதை ஒருநாளும் மீறியதில்லை.

"இவங்க உங்களுக்கு மாத்தே தராதது நாங்க சொல்லித்தான். இவங்க எங்க ஆய்வாளர்கள். உங்க மேல எந்தக் கோபமும் இல்ல. நீங்க எந்தத் தப்பும் பண்ணல."

சுலேமாவின் முகத்தில் முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு மொத்த முகமும் மலர்ந்தது. "அடப்பாவிங்களா!" என்று தொடையைத் தட்டினாள். "என்னமா நடிச்சீங்க! நான் என்னென்னமோ நினைச்சு... ஏண்டா ஃபப்ரீ, பச்சப்பிள்ள மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு! சரி சரி, கத்தி எடுங்க, அதை வெட்டலாம். ஆறிப்போச்சுன்னாலும் நல்லாத்தான் இருக்கும்."

கந்தேலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வழக்கமாக இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். இதற்குப் பின்னும் ஒரு வாக்கியம் உண்டு. அதை மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தைப் போல வேகமாகச் சொல்லிவிடுவார்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். கந்தேலா இர்மாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். வேண்டாம் டாக்டர்.

இர்மாவின் கால் மேசைக்குக் கீழே மிதியைத் தேடியது. கிடைத்தது.

"முதல் நாள் நடந்ததும் அப்படித்தான் சுலேமா," என்றாள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. மிதியை அழுத்தினாள்.

"முதல் நாள்னா?"

"அன்னிக்கு அவங்க உங்ககூட அன்பாப் பேசினதும் நாங்க எழுதிக் கொடுத்ததுதான்."

சுலேமா ஃபப்ரீசியோவைப் பார்த்தாள். "அத்தை?"

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

கந்தேலாவைப் பார்த்தாள். "நீலம்?"

"நீலம் எனக்கு நிஜமாவே..."

"கந்தேலா," என்றாள் இர்மா. கந்தேலா எழுந்து வெளியே போய்விட்டாள்.

சுலேமா மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள். நகங்களுக்குள் மாவு ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"பரவாயில்ல டாக்டர்," என்றாள் கடைசியில். "நான் ஒண்ணு கேக்கலாமா? எனக்குத்தான் இப்பத் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சே வந்தா என்ன? முதல் நாள் மாதிரி மட்டும். அவங்க நடிக்கட்டும், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். வியாழக்கிழமை எனக்கு ஒரு வேலையும் கிடையாது."

இர்மா பொறுமையாக விளக்கினாள். மூளை எப்போதும் அடுத்து வருவதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்; எதிர்பார்த்தது வராமல் போகும் கணத்தில்தான் அந்த அலை எழும். உண்மை தெரிந்துவிட்ட மூளை எதையும் எதிர்பார்க்காது. எதிர்பார்க்காவிட்டால் அலை இல்லை. "அதனால ஒருதடவை உண்மை தெரிஞ்சவங்க எங்களுக்குப் பயன்பட மாட்டாங்க சுலேமா. அவங்கள மறுபடி கூப்பிட முடியாது."

சொல்லி முடித்தபோதுதான், கால் இரண்டாவது முறையும் மிதியை அழுத்தியிருந்தது தெரிந்தது.

ஃபப்ரீசியோ தொட்டியருகே சுலேமாவை உட்காரவைத்து, வெந்நீரால் தலையிலிருந்த ஜெல்லைக் கழுவினான். அவள் தலையைக் குனிந்துகொடுத்தாள். இப்போது தண்ணீர் முகத்தில் வழிந்தது, கண்ணை மூடிக்கொள்ளலாம். இர்மா தன் அறையில் திரைக்கு முன்னால் நின்றாள். கடைசி இரண்டு சிவப்புக் கோடுகள் தனித்துத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் ஏதோ எழுந்திருந்தது, குடுவை தாண்டியபோது எழுந்ததைவிடப் பெரிதாக. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. மைதானத்தில் ஒரு முணுமுணுப்பு. இந்த வாக்கியத்தை ஒருவரிடம் ஒருமுறைதான் சொல்ல முடியும். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சராசரி எடுக்க வழியில்லை. அப்படியானால் ஆட்கள் வேண்டும். நிறைய வேண்டும். தனியாக இருப்பவர்கள், சட்டென்று ஒட்டிக்கொள்கிறவர்கள். முதல் நாளின் அன்பை இன்னும் நன்றாக எழுத வேண்டும். மனநலப் பிரிவின் காத்திருப்பு வரிசை நீளமானது. திங்கட்கிழமை வருகிற குழுவிடம் சொல்ல இதைவிட நல்ல யோசனை உண்டா! நெறிமுறைக் குழுவும் மறுப்புச் சொல்லாது. உண்மையைச் சொல்வதை யார் தடுப்பார்கள்?

வாசலில் சுலேமா கோட்டு அணிந்து நின்றிருந்தாள். ஈரத்தலையில் பூப்போட்ட துணியைக் கட்டியிருந்தாள்.

"பாஸ்தாஃப்ரோலாவ நீங்களே சாப்பிடுங்க டாக்டர். தட்டு இங்கயே இருக்கட்டும். அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருவேன், எடுத்துக்கறேன்."

அவள் தாழ்வாரத்தில் நடந்தாள். ஃபப்ரீசியோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இர்மாவுக்கு அந்தத் தட்டின் அர்த்தம் ஒரு நொடியில் விளங்கியது. மனித மனத்தை அவ்வளவு காலம் படித்திருந்தாள். ஒரு தட்டை விட்டுப் போனால் அதை எடுக்க வரலாம். வந்தால் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் யாராவது வெந்நீர் வைப்பார்கள். அந்தப் பெண் ஏழு நாளும் அதையே எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள். வீணான எதிர்பார்ப்பை வளரவிடுவது கொடுமை. அப்படித்தான் இர்மா நினைத்தாள், மனமாரவே நினைத்தாள்.

பலகாரத்தை ஒரு காகிதத்தின் மேல் கவிழ்த்தாள். நொறுங்காமல் முழுசாக வந்தது, நல்ல கைப்பக்குவம். தட்டைத் தொட்டியில் பிடித்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள். விளிம்பில் ஒட்டியிருந்த துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தாள். துடைத்தாள். பிறகு வேகமாக நடந்தாள். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பழசு, மெதுவாகத்தான் ஏறும். சுலேமா கம்பிக் கதவுக்கு முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"சுலேமா! உங்க தட்டு. மறந்துட்டுப் போறீங்க."

சுலேமா திரும்பினாள். தட்டைப் பார்த்தாள். இர்மாவின் கை முழுதாக நீண்டிருந்தது.

"மறக்கல," என்றாள்.

லிஃப்ட் வந்து குலுங்கி நின்றது. சுலேமா தட்டை வாங்கி, முன்பு போலவே வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்க் கம்பிக் கதவைத் தானே இழுத்து மூடினாள்.

"நன்றி டாக்டர்," என்றாள்.